நான்காம் தொட்டியில் கிடப்பவன்

நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்கும் கைக்கடிகாரம் பதினேழாவது முறையாகக் கீச்சிட்டது. பதினேழாவது கட்டத்தில் திலகவதி ‘நீ’ என்று எழுதினாள். நீ என்றால் நீந்தல், நி என்றால் நிற்றல், கி என்றால் கிடத்தல். ஒரு மீனின் வாழ்க்கையை மூன்றே எழுத்துகளில் அடக்கிவிடலாம் என்று ஏழாண்டுகளுக்கு முன்பு கண்டுபிடித்தாள். தன்னுடையதற்கு எத்தனை எழுத்து தேவைப்படும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை, இன்றைக்கு யோசிக்க விருப்பமில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடியும் இந்த ஒரு மணி நேரம் நூற்றிருபதாவது மணி நேரம். நூற்றிருபது ஆனதும் நிறுத்திக்கொள்ளலாம் என்பது பேராசிரியர் ஜெசிந்தா போட்ட கணக்கு. பல்கலைக்கழகம் தரக்கூடிய கால நீட்டிப்பையெல்லாம் தந்தாகிவிட்டது. இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு தானாகவே ரத்தாகிவிடும், ஏழு வருஷமும் போயே போய்விடும். இன்று பத்தொன்பது. அவள் விலங்கியல் துறையின் மாடியில், ஜன்னல்களுக்குப் பழுப்புத் தாள் ஒட்டிய மீன் அறையில், கறுப்புத் துணித் திரைக்குப் பின்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் கண் பார்க்கிற அளவுக்கு ஒரு கீறல். கீறலுக்கு அப்பால் நான்காம் தொட்டி. அதற்குள் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைப் பூர்வீகமாகக் கொண்ட, கொளத்தூரில் ஒரு மீன்கடையில் வாங்கிய, ஒரு சாண் நீளத்துக்கு மேல் வளர்ந்துவிட்ட அந்த மீன். வெளிறிய உடம்பில் பழுப்புத் திட்டுகள், அழுகத் தொடங்கிய பழம் போல. அதன் பேரினத்துக்கு மேகத்தை வைத்துப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். மேகத்தைப் பார்த்தவர்களுக்கு அழுகல் தெரியவில்லை போலும். ஏரிக்கரைக்காரர்கள் சூட்டிய பெயர்தான் பொருத்தம்: கலிங்கோனோ, தூங்குகிறவன். இரை தேடும்போது மணலில் ஒருக்களித்துச் சாய்ந்து, செத்தது போலக் கிடக்கும். பிணத்தைக் கொத்தலாம் என்று நெருங்கிவரும் சிறு மீனை, கிடந்த கிடையிலேயே சட்டென்று வாயைத் திறந்து உறிஞ்சிக்கொள்ளும். கதை கேட்பவர்கள் எல்லோருமே இந்த இடத்தில் ‘அடேயப்பா’ என்பார்கள். மாமியார்கூட அடேயப்பா என்றார். ஆனால் அவளுடைய ஆய்வு அந்த அடேயப்பாவைப் பற்றியது அல்ல. தொட்டியின் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆறு கப்பி மீன்கள். இவன் அவற்றைப் பார்க்கலாம், தின்ன முடியாது. எத்தனை முறை கிடந்தாலும் ஒன்றும் வாயில் விழாது. விழாவிட்டாலும் கிடந்துகொண்டே இருந்தான். முதல் நூற்றெட்டு மணி நேரங்களில் முந்நூற்று நாற்பத்தேழு முறை. பலன் கிடைக்காதபோதும் மாறாத பிறவிக்குணம். பயிற்சியால் வந்ததன்று, பயனின்மையால் போவதுமன்று. இதுதான் ஆய்வேட்டின் முடிவுரை. ஒரு கட்டுரையாக வெளிவந்துவிட்டது. இரண்டு கருத்தரங்குகளில் கைதட்டலும் வாங்கிவிட்டது. பதினெட்டு. ‘நீ’.

அந்த நூற்றெட்டுக்குப் பிறகு வந்த பதினொரு மணி நேரத்தில் ஒரு ‘கி’கூட இல்லை. இதுதான் இப்போது தொண்டையில் நிற்கும் முள். மூன்று வாரமாக மீன் நீந்துகிறது, நிற்கிறது, நீந்துகிறது. சாய்கிற நினைப்பே அதற்கு இல்லை. பேராசிரியரிடம் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் யாரோ எதையோ மறைக்கப்போகிறார்கள் என்று பொருள். “உடம்பு சரியில்லாம இருக்கும் திலகா. மீன் நலம் குன்றியிருந்ததால்னு ஒரு வரி எழுதிட்டு அந்தப் பதினொண்ணையும் எடுத்துடு. கடைசி ஒரு அவர் நல்லா வந்தாப் போதும்.” மீன் நலம் குன்றியிருந்ததால். நல்ல வரி, குன்றியிருந்ததால் என்ற சொல்லில் மருத்துவச் சான்றிதழின் வாசனை அடிக்கிறது. மீனுக்கு ஒரு கேடும் இல்லை என்பதுதான் சங்கடம். செதில் மின்னுகிறது, துடுப்பு விரிகிறது. நிறுத்து அளந்து போடும் தீனிக்கு வளரவேண்டியதைவிட அதிகமாகவே வளர்ந்திருக்கிறது. அதற்கு மூன்றாம் இயலில் ஒரு பத்தி எழுதி, நீரின் தரமே காரணம் என்று நிறுவியிருக்கிறாள். நலம் குன்றியதாக எழுதுவதற்கு அவளுக்குத் தெரியாதா என்ன? அந்தக் கலையில் அவளே ஒரு நிபுணி. கல்யாணமான மறுமாதம் மதுராந்தகத்திலிருந்து மாமியார் வீட்டார் கூட்டமாக வந்திறங்கியபோது, முதன்முதலாகத் தலைவலி என்று ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தாள். வலி கொஞ்சம் இருந்தது, இல்லாமலில்லை. கதவுக்கு வெளியே பேச்சு தணிந்தது, நடமாட்டம் நுனிக்காலுக்கு மாறியது. அரை மணியில் கணவன் பரணிதரன் சுக்குக் காபி போட்டுக் கொண்டுவந்து, பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனான். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளன்; எந்தக் கம்பியைத் தொடக்கூடாது என்று தெரிந்தவன். பன்னிரண்டு வருஷமாகத் தலைவலி வருகிறது, சுக்குக் காபியும் வருகிறது. ஆனால் ஒருமுறை, போன பொங்கலுக்கு முந்தினநாள், அவள் படுக்கப் போவதற்கு முன்பே அடுப்பங்கரையிலிருந்து சுக்கு தட்டும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகுதான் நெற்றிப்பொட்டில் உண்மையாகவே விண்ணென்று தெறித்தது. அப்படியானால் யார் யாரை, என்று தொடங்கிய நினைப்பை அன்றைக்கே துணியோடு பிழிந்து போட்டுவிட்டாள். இருபத்தொன்று. ‘நீ’. அவளுக்கு ஊரில் பெயரே வேறு. பட்டுக்கத்தரித்தாற்போலப் பேசுகிறவள், முகத்துக்கு நேரே கேட்கிறவள். நாத்தனார் மகளுக்குப் போட்ட நகையில் எது கவரிங் என்று சபையில் சொன்னவள். உண்மை பேசுவதில் அவளுக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை, பிறரைப் பற்றிய உண்மையாக இருக்கும்வரை.

இருபத்திரண்டாவது கீச்சு வருவதற்குச் சற்று முன்பு மீன் நின்றது. வால் ஒருமுறை தளர்ந்தது. பிறகு, யாரோ மெல்லத் தள்ளிவிட்டதுபோல, இடப்பக்கமாகச் சாய்ந்து, மணலில் அமர்ந்து, செவுள் அசைவதுகூடத் தெரியாதபடி அடங்கியது. திலகவதி ‘கி’ என்று எழுதினாள். அந்த எழுத்தின் மேல்விலங்கு பக்கத்துக் கட்டத்துக்குள் போய்விட்டது. வந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து வந்துவிட்டது. முப்பதாம் தேதி, கட்டுப்போட்ட ஐந்து பிரதிகள், வாய்மொழித் தேர்வு, பிறகு பெயருக்கு முன்னால் அந்த இரண்டு எழுத்து, முப்பத்தொன்பது வயதில் என்றாலும். அம்மாவுக்குப் போன் செய்து சொல்லவேண்டும், அம்மா ‘மீன் செத்துடுச்சாடி’ என்று கேட்பாள். இருபத்துமூன்று. ‘கி’. இருபத்துநான்கு. ‘கி’. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத் திரைக்கு அப்பால் வாளி ஒன்று தரையில் வைக்கப்பட்டது, சிமென்ட்டில் பிளாஸ்டிக் உரசும் ஓசையோடு.

“பாத்தியாடா! கறுப்புக் கண்ணாடி போட்டுக்கினு வந்தாலும் கண்டுபுடிச்சிட்டான். கில்லாடி.”

கோதண்டம். மீன் அறை உதவியாளர். தொட்டிகளைக் கழுவுவது, நீர் மாற்றுவது, காற்றுக்குழாய் அடைத்தால் ஊதிவிடுவது, மாலை ஐந்து மணிக்குப் பூட்டுவது எல்லாம் அவர் வேலை. கண்புரை அறுவைக்காக மூன்று வாரம் விடுப்பில் இருந்துவிட்டு இன்றுதான் வந்திருக்கிறார். மூன்று வாரம் என்ற சொல் மனத்தில் ஒருமுறை ஒலித்து, எதிலும் முட்டாமல் உள்ளே போனது. அவதானிப்பு நேரத்தில் பேசக்கூடாது என்பது அவளே இயற்றிய விதி. ஆனாலும் திரைக்குள்ளிருந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“யாரைச் சொல்றீங்க?”

“அய்ய, மேடம் உள்ளதான் கீறீங்களா! சத்தமே இல்ல, நான் பாட்டுக்குப் பேசினு இருக்கேன். இவனத்தான் மேடம், நாலாம் நம்பரு. என்னப் பாத்தா உடனே படுத்துக்குவான். இன்னாமோ நெஞ்சு வலி வந்தவன் மாதிரி.”

“உங்களைப் பாத்தாலா?”

“சென்னாக்கூனிக்குத்தான். ஆக்டு குடுக்கறான் பாருங்க, இன்னா ஆக்டு.”

அதற்குப் பிறகு அவர் சொன்னதை, திலகவதி கீறலின் வழியாக அல்ல, காதின் வழியாக மட்டுமே பார்த்தாள். மீன் வந்த இரண்டாவது வாரம். மாலையில் பூட்ட வந்தவர், அது ஒருக்களித்துக் கிடப்பதைப் பார்த்துப் பதறியிருக்கிறார். அதற்கு முந்தின வருஷம் ஏதோ ஒரு வெளிநாட்டு மீன் செத்துப் போனதற்கு அவர் கையில்தான் மெமோ கொடுத்தார்கள்; தண்ணீர் மாற்றிய ஆள் அவர்தானே என்று. இதுவும் போனால் வேலைக்கே உலை என்று பயந்து, சாப்பாட்டுக் கூடையிலிருந்து பொட்டலத்தைப் பிரித்து, வீட்டுக்காரி தாளித்துக் கொடுக்க வாங்கியிருந்த சென்னாக்கூனியில் ஒரு சிட்டிகை, உப்பைக் கழுவிவிட்டுப் போட்டார். கடுகளவு காய்ந்த இறால். போட்டதுதான் தாமதம், செத்த மீன் துள்ளி எழுந்து தின்றது. மறுநாள் மாலையும் கிடந்தது, மறுநாளும் போட்டார். அன்றிலிருந்து சட்டைப்பையில் எப்போதும் ஒரு பொட்டலம்.

“ஏழு வருஷமாவா?”

“லீவு நாளு தவிர. ஒரு தபாகூட சாகவுடல மேடம்,” என்றார் கோதண்டம், பெருமையோடு.

இருபத்தெட்டு, ‘கி’. இருபத்தொன்பது, ‘கி’. அவள் எழுதிக்கொண்டிருந்தாள். நடப்பது எதுவானாலும் கட்டம் காலியாக இருக்கக்கூடாது. பொய்யாக இருக்கலாம், என்று மனத்துக்குள் யாரோ முடித்துவைத்தார்கள். மூன்று வாரம் என்ற சொல் இப்போது திரும்பி வந்தது, இந்தமுறை எல்லாவற்றிலும் முட்டிக்கொண்டு. பதினொரு மணி நேரம் கிடக்கவில்லை. மூன்று வாரம் இவர் இல்லை. இல்லை, ஒரு நிகழ்வை வைத்து முடிவுக்கு வரக்கூடாது, இது முதலாண்டு மாணவருக்குத் தெரிந்த பாடம், தற்செயலாக இருக்கலாம், இருக்கட்டும், இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும், ஆனால் மூன்றாம் இயலின் அந்தப் பத்தி, நீரின் தரம், நிறுத்து அளந்த தீனி, அளவை மீறிய வளர்ச்சி, கடவுளே, உப்பைக் கழுவிய சென்னாக்கூனி. சிரிப்பு வந்தது. சிரிப்பா அது? “கோதண்டம், கொஞ்சம் வெளியில போயிட்டு, நான் கூப்பிட்டதும் வாங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க.” “ஏன் மேடம், வாளி நாறுதா?” “போங்களேன்.” கதவு சாத்தப்பட்டது. மீன் கிடந்தது. பத்து விநாடி, இருபது விநாடி. பிறகு, வந்திருந்த விருந்தாளி கிளம்பிப் போனதும் தாம்பூலத் தட்டை எடுத்து உள்ளே வைக்கும் வீட்டுக்காரியைப் போல, எந்த அவசரமுமின்றி நிமிர்ந்து நீந்தத் தொடங்கியது. ‘நீ’. ‘நீ’. ‘நீ’. கூப்பிட்டாள். கோதண்டம் வந்து நின்றார். மீன் சாய்ந்தது. ‘கி’. அனுப்பினாள். எழுந்தது. கூப்பிட்டாள். சாய்ந்தது. தடுப்புக்கு அப்பால் ஆறு கப்பிகளும் இந்த நாடகத்தில் தங்களுக்குப் பங்கில்லை என்பதுபோல வாலை விசிறிக்கொண்டு திரிந்தன, ஏழாண்டுகளாகவே இல்லைதானே. மூன்றாவது முறை கோதண்டம் கதவருகிலேயே நின்று, “இன்னா மேடம், அவனுக்கும் எனக்கும் டிரில்லா?” என்று கேட்டார். அந்தக் குரலுக்கே சாய்ந்தது.

தாளின் தலைப்பகுதியில் நான்கு கட்டங்கள். தேதி. தொடங்கிய நேரம். நீரின் வெப்பம். அறையில் பிறர். ஒவ்வொரு நாளும் இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே நான்கையும் நிரப்பிவிடுவாள். நான்காவதில், நூற்றிருபது தாளிலும், ஒரே கையெழுத்தில், ஒரே மையில், ‘இல்லை’. எவ்வளவு கவனமாக இருந்தாள்! தன்னை மீன் பார்த்துவிடக்கூடாதென்று திரை தைத்தாள். மஞ்சள் சுடிதார் வேண்டாம், கொலுசு வேண்டாம், மல்லிகைப்பூகூட வேண்டாம் என்று ஒரு துறவியைப் போல வந்து உட்கார்ந்தாள். அவதானிப்பவரின் இருப்பு அவதானிக்கப்படுவதைப் பாதிக்கும் என்று இரண்டாம் இயலில் ஆறு பக்கம் எழுதினாள், அடிக்குறிப்புகளோடு. அத்தனை நாளும் தொட்டிக்கு நாலு முழத்துக்கு அப்பால், மீனின் கண்ணுக்கு நேர் எதிரே, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் குழாயை வாயில் வைத்து நீர் இறக்கிக்கொண்டு, சிலசமயம் விசிலடித்துக்கொண்டு, கோதண்டம் நின்றிருக்கிறார். அவளுக்கு அது தெரியும். தெரியாமல் என்ன, வாளிச் சத்தம் கேட்டுக்கொண்டுதானே இருந்தது. ‘அறையில் பிறர்’ என்ற கட்டத்தை நிரப்பும்போது அந்தச் சத்தம் ஒருநாளும் குறுக்கே வரவில்லை. அவர் பிறர் ஆகவில்லை. பம்புக்கும் குழல்விளக்குக்கும் நடுவில் எங்கோ அவருக்கு ஓர் இடம் கொடுத்து வைத்திருந்தாள், கொடுத்து வைத்திருப்பதே தெரியாமல். சாதி பார்க்காதவள், யார் வீட்டிலும் தண்ணீர் குடிப்பவள், மேடை கிடைத்தால் பேசவும் செய்வாள். இருபது வயது மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு ‘ங்க’ சேர்த்தால் மரியாதை ஆகிவிட்டது என்று நினைத்திருந்தவள். ஒரு மீனின் மூளை பட்டாணி அளவுகூட இராது. அதற்குத் தெரிந்திருந்தது, அறையில் ஓர் ஆள் இருக்கிறார் என்று. முதல் வருஷம் ஒருநாள் அவர் கேட்டார்: “இந்தத் துணிக்குப் பின்னால குந்திக்கினு இன்னா மேடம் பண்றீங்க?” அவள் சொன்ன பதில் நினைவிருக்கிறது. ‘ஆராய்ச்சி.’ ஒரு சொல். அத்தோடு அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மீனுக்கு எதையும் போடாதீர்கள் என்று சொல்ல இன்னும் நாலு சொல் ஆகியிருக்கும்.

நாற்பத்தாறு. ‘கி’. இப்போது அவர் ஏழாம் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார், மீன் அவரைப் பார்த்துக் கிடந்தது. பதினான்கு நிமிடம் மிச்சம். பயம் என்பது இவ்வளவு ஒழுங்காக வருமென்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆட்டோவுக்குக் காத்திருப்பவர்களைப் போல வரிசையில் நின்றது. முதலில் முப்பதாம் தேதி. பிறகு வெளிவந்துவிட்ட கட்டுரை. பிறகு பேராசிரியர் ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றுவது. பிறகு பரணிதரனின் அக்கா, ‘ஏழு வருஷம் மீனுக்குக் காவலிருந்தியே, என்னம்மா ஆச்சு?’ அவளுக்கு அந்தக் கவரிங் நகை மறக்கவில்லை, மறக்கவும் மாட்டாள். பிறகு ஒரு குளிர்ந்த, இனிமையான யோசனை, வரிசையை முறித்துக்கொண்டு முன்னால் வந்தது: யாருக்குத் தெரியும்? அவளுக்கு. கோதண்டத்துக்குத் தெரியும், ஆனால் தனக்கு என்ன தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. வருகிற ஜூனில் ஓய்வு பெறுகிறார். இன்றைய தாளில் ‘கி’ ஏராளம். பதினொன்றை எடுத்துவிட்டு, நலம் குன்றியிருந்ததால் என்று ஒரு வரி. உலகத்தில் எவனும் நான்காம் தொட்டி மீனைப் பரிசோதிக்க விமானம் ஏறி வரப்போவதில்லை. ஆய்வேடு நூலகத்தின் மூன்றாம் மாடியில் தூசியோடு நிற்கும், மற்ற ஆய்வேடுகளைப் போல, அவற்றில் எத்தனையில் எந்தக் கோதண்டம் என்ன போட்டாரோ. யாருக்கு நட்டம்? மீனுக்கா? அந்த யோசனையை அவள் உருட்டி உருட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கமும் ஓட்டை இல்லை. ஓட்டை இல்லாததே உறுத்தியது. அப்போதுதான் கோதண்டம் குழாயைக் கீழே போட்டுவிட்டு, திரைக்கு அருகில் வந்து நின்றார். கறுப்புக் கண்ணாடியில் குழல்விளக்கு இரண்டாகத் தெரிந்தது.

“மேடம். ஒண்ணு கேக்கலாமா? நான் போட்டது ஏதாச்சும் தப்பாப் பூடுச்சா?”

ஐம்பது. அவள் ‘கி’ எழுதினாள்.

“போவச் சொன்னீங்க, வரச் சொன்னீங்க, எழுதினீங்க. மெமோ கிமோ வருமா? ஜூன்ல ரிட்டயர்டு. பென்ஷன் பேப்பரு நகர்ற நேரம். இப்ப ஒரு கம்ப்ளைண்டு வந்திச்சின்னா அப்டியே குந்திக்கும்.”

இதோ, வேண்டியது தட்டில் வைத்து வந்துவிட்டது. அவருக்காகத்தான். ஏழை மனிதர், நல்லெண்ணத்தில் செய்தது, கடைசிக் காலத்தில் அவரைச் சிக்கலில் மாட்டிவிடுவானேன். எனவே வாயை மூடிக்கொள்வது கருணை, பட்டம் அந்தக் கருணைக்குக் கிடைத்த கூலி. எவ்வளவு வசதி! ஏழாண்டுகளாக ‘இல்லை’ என்று எழுதப்பட்டவர், மறைப்பதற்கு ஒரு காரணம் தேவைப்பட்ட நிமிடத்தில் மட்டும் ஆளாகிவிடுகிறார். வாயில் கசந்தது. நெற்றிப்பொட்டில் அந்தப் பழைய விண் லேசாக எழும்பியது. வா வா, உன்னைத்தான் காணோமே என்று நினைத்தேன், என்று அதனிடம் சொல்லிக்கொண்டாள். படுத்துவிடலாம். ஈரத்துணி போட்டுக்கொண்டு ஒருக்களித்து, பதினொரு நாள் கிடந்தால் முப்பதாம் தேதி தானாக வந்து போய்விடும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், நுனிக்காலில் நடப்பார்கள். ஐம்பத்தொன்று. கீறலின் வழியே பார்த்தாள். மீன் கிடந்தது, ஆனால் அதன் மேற்கண் கிடக்கவில்லை. மணலுக்கு மேலே தெரிந்த அந்த ஒற்றைக் கண் மெல்லத் திரும்பியது. கோதண்டம் திரைப்பக்கம் நகர்ந்ததும் திரைப்பக்கம். சட்டைப்பைக்கு அவர் கை தற்செயலாகப் போனதும் சட்டைப்பைக்கு. முகத்தை மறைத்த கறுப்புக் கண்ணாடி அதற்குப் பொருட்டே இல்லை. அப்படியானால் எதை வைத்து அடையாளம்? நடையா? லுங்கியா? குரலா? குரலென்றால் ஒலியையும் கற்றிருக்கிறது. மூன்று வாரம் பாராமல் இருந்தும் மறக்கவில்லை; அவருக்குப் பதிலாக வேறு ஆட்கள் வந்தபோது ஒருமுறைகூடச் சாயவில்லை. இரைக்கு விரித்த வலையை எடுத்து, ஒரு மனிதருக்கு விரித்திருக்கிறது. வலையின் முடிச்சு பிறவியில் வந்தது. யாருக்கு விரிப்பது என்பது இந்த அறையில் கற்றது. முடிவுரையில் எழுதியிருந்ததற்கு நேர் தலைகீழ். திலகவதி பேனாவை மூடி, திறந்தாள். ஏழாண்டுகளில் இன்றைக்குத்தான், இந்த அரை மணி நேரத்தில்தான், அவளுக்கு ஏதோ ஒன்று உண்மையாகவே தெரிந்திருந்தது. அது மகிழ்ச்சியாக இல்லை. குளிராக, உறுதியாக, கால் வைத்தால் புதையாத தரை போல இருந்தது. ஐந்து பிரதிக்குக் கட்டுப்போட்டு அந்தத் தரையின் மேல் மறுபடியும் சேற்றைக் கொட்டவேண்டும். முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். முடியும், தாராளமாக. முடியும் என்பது தெரிந்ததும்தான் அவளுக்குப் பயம் விட்டது, அல்லது வேறொரு பயம் வந்து அதன் இடத்தில் உட்கார்ந்தது.

“கோதண்டம், போடாதீங்கன்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?”

“யாரும் சொல்லலியே மேடம்.”

“அப்ப தப்பு சொல்லாதவங்களோடது. அப்படித்தான் எழுதப்போறேன். என் பேரைப் போட்டு.”

“உங்க படிப்பு?”

“அதைப் பத்தி உங்களுக்கென்ன கவலை?”

“ஏழு வருஷமா குந்திக்கினு இருந்தீங்களே மேடம், பாத்துக்கினுதானே இருந்தேன்,” என்றார் அவர். “மே மாசத்துலகூட, அந்தத் துணிக்குள்ள. ஃபேனுகூட இல்லாம.”

திலகவதி தாளின் தலைப்பகுதிக்குப் போய், நான்காவது கட்டத்தில் இருந்த சொல்லின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். மேலே இடம் போதவில்லை. ஓரத்தில், நெருக்கி, அவர் பெயர், அவர் வந்த நேரம், போன நேரம், மறுபடி வந்த நேரம், அத்தனையும் எழுதினாள். குறிப்புகள் என்ற பகுதி ஏழாண்டுகளாக வெறுமையாக இருந்தது, அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு. அங்கே தொடங்கினாள்: மேற்கண்டவர் அவதானிப்பு நேரங்களில் பெரும்பாலும் அறையில் இருந்தார். அதை நான் பதியவில்லை. ஆய்வின் தேவைகளை அவரிடம் நான் தெரிவிக்கவில்லை. எழுத எழுத வாக்கியங்கள் சின்னதாகிக்கொண்டே போயின. ஐம்பத்தெட்டு, ‘கி’. ஐம்பத்தொன்பது, ‘கி’. அறுபதாவது கீச்சு வந்தபோது கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள். திரையை ஒதுக்கி வெளியே வந்தாள்; ஒரு மணி நேரம் மடக்கிய முழங்கால் விறைத்திருந்தது. மீன் அவளைப் பார்த்ததும் எழுந்து, தொட்டியின் கோடிக்குப் போய் நின்றுகொண்டது. அவளை அதற்கு அடையாளம் தெரியவில்லை. அணைத்து வைத்திருந்த கைப்பேசியைப் போட்டதும் அது உடனே அடித்தது.

“திலகா, முடிஞ்சுதா? இன்னிக்காவது படுத்துதா?” என்றார் பேராசிரியர் ஜெசிந்தா.

“படுத்துச்சு மேடம். நாலு தடவை.”

“அப்பாடா! நான்தான் சொன்னேனே. சரி, அந்தப் பதினொண்ணையும் தூக்கிட்டு, சாயந்தரமே பைண்டிங்குக்கு...”

“மேடம், அந்தப் பதினொண்ணுதான் சரி. மத்ததுதான் தப்பு.”

“என்ன உளர்றே?”

“அது கப்பியைப் பாத்துப் படுக்கலை. கோதண்டத்தைப் பாத்துப் படுத்திருக்கு, ஏழு வருஷமா. தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். இப்ப உங்க ரூமுக்கு வர்றேன், அவரையும் கூட்டிட்டு வர்றேன். முப்பதாம் தேதிக்குள்ள என்ன செய்ய முடியும்னு உக்காந்து பேசலாம்.”

மறுமுனையில் அவர் கண்ணாடியைக் கழற்றியிருப்பார். கோதண்டம் வாளியை ஓரமாக வைத்து, மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு, சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். இந்தத் துறையில் அவருக்கு இது இருபத்தாறாவது வருஷம்.

“எந்தக் கோதண்டம்?” என்று கேட்டார் பேராசிரியர்.